ஆட்டத்தில் கொடுத்த வாக்கு

விளையாட்டு வினையாகும் என்பர் நம் முன்னோர். எந்த விளையாட்டு, எவ்விடத்தில், எதனால் வினையாகிறது என்பதை அவர்கள் விரித்துரைத்தாரில்லை. ஒரு நோன்புப் பெருநாளின் மறுநாள் நம் இல்லத்தில் நடந்த சிறு நிகழ்ச்சியொன்று, அதனைச் சற்று விரித்துப் பார்க்குமாறு நம்மைத் தூண்டிற்று.

பெருநாளுக்காக வந்து கூடிய பிள்ளைகள் எழுவர். அவர்களுள் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவன் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டு வந்திருந்தான். பிரித்தால் உள்ளே முதல் உலகப் போருக்கு முந்திய ஐரோப்பாவின் வரைபடமும், அதன்மேல் வைத்து நகர்த்தச் சின்னஞ்சிறு கட்டைகளும் இருந்தன. 'டிப்ளமசி' என்பது அவ்வாட்டத்தின் பெயர். அரசதந்திரம் என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். லுஹர் தொழுகைக்குப் பின் அமர்ந்தவர்கள் அஸருக்கும் மஃரிபுக்கும் மட்டும் எழுந்து, மீண்டும் அதிலேயே மூழ்கினர். நம் மூத்த சகோதரியின் மகன் 19 வயதுக் கல்லூரி மாணவன். சீட்டில் அவனுக்கு விழுந்தது ருஷ்யா. இளைய சகோதரியின் மகனுக்கு வயது 13, அவனுக்குத் துருக்கி. இருவரும் தாழ்வாரத்தின் மூலைக்குச் சென்று ஏதோ கிசுகிசுத்துவிட்டு, முகம் மலரத் திரும்பி வந்ததை நாம் கண்டோம்.

இரவு உணவுக்குச் சஹன் வைத்தபோது இளையவனைக் காணோம். தேடிப் பிடித்து அழைத்து வந்தால், "காக்கா இருக்கிற சஹன்ல நான் உட்கார மாட்டேன்" என்றான். கண்கள் சிவந்திருந்தன. கருங்கடலுக்குள் கப்பல் விடுவதில்லை என்று காக்கா வாக்களித்திருந்தாராம். அதை நம்பித் தன் படைகளையெல்லாம் பால்கன் பக்கம் அனுப்பிவிட்டான் இவன். ஆட்டக் கணக்கில் 1904-ஆம் ஆண்டு, ருமேனியாவில் நின்ற ருஷ்யக் கப்பல் கருங்கடலிலும், செவஸ்தபோலில் நின்ற தரைப்படை அர்மீனியாவிலும் ஒரே நேரத்தில் நுழைந்தன. அடுத்த ஓட்டத்தில் அங்காரா வீழ்ந்தது. மூத்தவனோ சிரித்துக் கொண்டே, "ஆட்டந்தானே, இதுக்குப் போய் அழுவானா?" என்றான்.

நம் தாயார் இவ்வளவையும் கேட்டுக் கொண்டிருந்தார்கள். கருங்கடல் எங்கே இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. "அவனுக்கு நீ என்ன சொல்லி வாக்குக் கொடுத்தே?" என்று மட்டும் கேட்டார்கள். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு சிறியவன்தான் சொன்னான்: "வல்லாஹின்னு சொன்னாங்க."

இங்கே நிறுத்தி, அந்த ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அதன் அமைப்பை அறியாமல் மூத்தவனைக் குற்றஞ் சொல்வது நீதியாகாது.

இதனை ஆக்கியவர் ஆலன் காலமர் என்ற அமெரிக்கர். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் படித்தவர். முதல் உலகப் போர் எப்படி மூண்டது என்பது பற்றிய நூல்களில் தோய்ந்து, 1954-ஆம் ஆண்டளவில் இவ்வாட்டத்தை வடித்தார். வெளியிட எவரும் முன்வராமையால் 1959-இல் தம் பொறுப்பிலேயே 500 பெட்டிகள் செய்து விற்றார். பின்னாளில் அவர் செய்த தொழில் தபால் பட்டுவாடா. 2013-இல் மறைந்தார். வாக்கு மீறுவதையே உயிர்நாடியாகக் கொண்ட ஓர் ஆட்டத்தைப் படைத்தவர், பிறர் எழுதிய சொற்களை உரியவர் கையில் நாள் தவறாமல் சேர்ப்பித்து வாழ்ந்தார் என்பதை எண்ண நமக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே எழுகின்றன. 1963 முதல் இவ்வாட்டத்தை அஞ்சல் வழியாகவே ஆடும் வழக்கமும் அமெரிக்காவில் தோன்றிற்று. நேரில் கண்டறியாதவர்கள் கடிதத்தில் நட்புறவு பேசி, கடிதத்திலேயே முதுகில் குத்திக் கொண்டார்கள்.

ஆட்டத்தில் பகடை இல்லை. சீட்டின் அதிர்ஷ்டம் நாட்டைப் பங்கிடுவதோடு முடிந்துவிடும். இங்கிலாந்து, பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ருஷ்யா, துருக்கி ஆகிய ஏழு வல்லரசுகள். ருஷ்யாவுக்கு நான்கு படைகள், ஏனையோருக்கு மும்மூன்று. படைகளை ஊட்டி வளர்க்கும் மையங்கள் 34. அவற்றுள் 18-ஐக் கைக்கொண்டவர் வென்றவர். எல்லாப் படைக்கும் வலிமை ஒன்றே. ஒரு படை மற்றொரு படையைத் தனித்து நின்று பெயர்க்க இயலாது. பக்கத்தில் நிற்கும் இன்னொரு படை துணை தந்தாலொழிய எதிரி அசைய மாட்டான். அத்துணையை அயலான் படையும் தரலாம். எனவே தொடக்கத்தில் தனித்து நின்று எவரும் வெகுதூரம் செல்ல முடியாது. கூட்டுச் சேர்ந்தே தீர வேண்டும். வெற்றியோ ஒருவருக்கே என்று விதி சொல்கிறது. ஒப்பி நிறுத்திச் சமன் செய்து கொள்ளவும் இடமுண்டு என்றாலும், வெற்றி என்ற சொல்லுக்கு உரியவர் ஒருவரே. ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்னும் தனித்தனியே கூடிப் பேசுவார்கள். பிறகு ஆணைகளை மறைவாக எழுதி, ஒருசேரத் திறப்பார்கள். பேசியதற்கும் எழுதியதற்கும் இடையேதான் ஆட்டம் முழுதும் நிகழ்கிறது. பேச்சில் செய்து கொண்ட உடன்பாடுகள் எவரையும் கட்டுப்படுத்தா என்று விதிநூலே கூறிவிடுகிறது. ருஷ்யாவும் துருக்கியும் சேர்ந்தால் அக்கூட்டை 'ஜகர்நாட்' என்பார்கள். ஒடிசாவின் ஜகந்நாதர் தேர் ஆங்கிலத்துக்குப் போய் ஐரோப்பாவின் வரைபடத்தில் உருள்கிறது!

மூத்தவனின் வாதத்தை இனி நேர்மையாகக் கேட்போம். சதுரங்கத்தில் குதிரையைப் பலி கொடுப்பது போல் காட்டி அரசனைச் சிறைப்பிடித்தால் எவரும் வஞ்சகம் என்பதில்லை. பந்தாட்டக்காரன் இடப்புறம் சாய்ந்து வலப்புறம் ஓடுகிறான். பொய்யன் என்று அவனை நடுவர் வெளியேற்றுவதில்லை. எல்லாரும் தெரிந்தே அமர்ந்த இடத்தில், எல்லாரும் ஒப்பிய விதியின்படி சொன்ன சொல், பொய்யாவது எங்ஙனம்? நம்பாதே என்று பெட்டியின் மேலேயே எழுதி வைத்த பிறகு நம்பியவன் யாரை நோவது? இவ்வாதத்தில் வலு இருக்கிறது. நாடக மேடையில் ஒருவன் 'நான் பாதுஷா' என்றால் அவனைப் பொய்யன் என்று நாம் சொல்வதில்லை. கேட்பவனை ஏமாற்றாத கூற்றுப் பொய்யாகாது.

எனினும் சதுரங்கத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடுண்டு. சதுரங்கத்தில் இருவர், பேச்சு இல்லை. அல்பிரூனி சுமார் 1030-இல் முற்றுப்பெற்ற தம் இந்திய நூலில், பகடை உருட்டி நால்வர் ஆடும் சதுரங்கம் ஒன்றை இந்நாட்டில் கண்டதாகக் குறித்துள்ளார். இருவர் நால்வராகும்போதே, யார் யாரைத் தாக்குவது, யாரை விட்டு வைப்பது என்ற கேள்வி பிறந்துவிடுகிறது. எழுவராகி, பேச்சும் சேர்ந்துவிட்டால் ஆட்டக்காய் மரக்கட்டையன்று. எதிரே இருப்பவனின் நம்பிக்கையே காய். சதுரங்கத்தைப் பற்றி இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வழியில் வந்தோர், பந்தயமின்றி ஆடினால் அது விரும்பத்தகாதது என்றனரேயன்றி ஹராம் என்று விலக்கினாரில்லை. தொழுகை தவறுவதும் நாவு கெடுவதும் கூடாது என்று வரம்பு கட்டினர். நாவு கெடுவது என்றதில் வசைமொழி மட்டுந்தான் அடங்குமா என்பதே இப்போது நம் முன்னுள்ள கேள்வி.

வாக்கைக் காப்பதுதான் இலாபம், ஆதலின் காக்க வேண்டும் என்று சொல்வோரும் உளர். அவர்களுக்கு ஆதாரமும் உண்டு. ராபர்ட் ஆக்ஸல்ராட் என்ற அமெரிக்க அறிஞர் 1980-ஆம் ஆண்டளவில் கணிப்பொறியில் ஒரு போட்டி நடத்தினார். இருவர் எதிரெதிர் அமர்ந்து, ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒத்துழைப்பதா கைவிடுவதா என்று மறைவாக முடிவு செய்ய வேண்டும். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி; ஒருவன் ஒத்துழைக்க மற்றவன் கைவிட்டால் கைவிட்டவனுக்கு 5, ஏமாந்தவனுக்குச் சுழி; இருவரும் கைவிட்டால் ஆளுக்கு 1. அறிஞர்கள் 14 பேர் தத்தம் நிரல்களை அனுப்பினர். வென்றது, அனட்டோல் ராப்பபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல்: முதலில் ஒத்துழை, பிறகு எதிரி சென்ற முறை செய்ததையே நீயும் செய். இரண்டாம் போட்டிக்கு 62 நிரல்கள் வந்தன. முதற்போட்டியின் முடிவை அறிந்தே எல்லாரும் தீட்டி அனுப்பியிருந்தும், வென்றது மீண்டும் அதே நிரல்தான். இதில் நம் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. அந்நிரல் தனக்கு எதிரே அமர்ந்த எவரையும் ஒருமுறைகூடத் தோற்கடித்ததில்லை. தோற்கடிக்கவும் அதனால் இயலாது. எதிரியோடு சமமாகவோ, ஒரு படி தாழ்ந்தோதான் அது ஒவ்வொரு முறையும் எழுந்தது. ஆயினும் மொத்தக் கணக்கில் அதுவே முதல்.

நாளையும் இவன் முகத்தில் விழிக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கும்வரை மனிதன் ஒழுங்காக நடப்பான் என்பதே இதன் சாரம். நம் கடைத்தெருவில் கடன் கொடுத்து வாங்கும் வியாபாரிகளுக்கு இது தெரியாததன்று. ஆனால் இந்த நியாயத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. இதுவே கடைசி ஓட்டம் என்று தெரிந்துவிட்டால்? நாளை என்பதே இல்லாவிடத்தில் ஒத்துழைப்பானேன்? ஆக்ஸல்ராடும் இதனை அறிந்தே, இரண்டாம் போட்டியில் ஆட்டம் எப்போது முடியும் என்று எவருக்கும் தெரியாதபடி அமைத்தார். இலாபத்துக்காக வாக்கைக் காத்தவனும், வாக்குக்காகவே வாக்கைக் காத்தவனும் கடைசி ஓட்டம் வரை ஒருவரைப் போலவே காணப்படுவர். இருவரும் பிரியும் இடம் அந்தக் கடைசி ஓட்டமே.

அத்தகைய கடைசி ஓட்டம் ஒன்று நம் வரலாற்றில் பதிவாகியுள்ளது. அபூதாவூதிலும் திர்மிதியிலும் காணப்படும் செய்தி அது. முஆவியா (ரலி) அவர்களுக்கும் ரோமருக்கும் இடையே ஒரு காலவரையறை உடன்படிக்கை இருந்தது. அதன் தவணை முடிய இருந்த வேளையில் அவர்கள் படையுடன் ரோமரின் எல்லையை நோக்கிப் புறப்பட்டார்கள். தவணை முடிந்த மறுகணமே தாக்கிவிடலாம் என்பது எண்ணம். உடன்படிக்கையின் எழுத்தில் ஒன்றுகூட மீறப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அப்போது ஒருவர் குதிரைமீது விரைந்து வந்தார். தக்பீர் முழங்கி, வாக்கைக் காப்பதே முறை, வஞ்சனை ஆகாது என்று கூவினார். பார்த்தால், நபித்தோழர் அம்ரு இப்னு அபஸா (ரலி). என்னவென்று வினவியபோது, உடன்படிக்கை செய்து கொண்டவர், தவணை முடியும்வரை அதன் முடிச்சை இறுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது. இன்றேல் வெளிப்படையாக அதனை எதிர்த்தரப்பிடம் திருப்பி எறிந்துவிட வேண்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாகச் சொன்னார். முஆவியா (ரலி) அவர்கள் படையைத் திருப்பிக் கொண்டு போய்விட்டார்கள்.

போர் என்பதே தந்திரம் என்ற நபிமொழியும் நம்மிடையே வழங்குவதுதான். இரண்டும் முரணல்லவா என்று கேட்கலாம். இமாம் நவவி (ரஹ்) போன்றோர் இதனை விளக்கியுள்ளனர்: போரில் எதிரியைத் திகைக்கச் செய்யும் தந்திரம் ஆகும், கொடுத்த உடன்படிக்கையையும் அடைக்கலத்தையும் முறிக்கும் தந்திரம் ஆகாது. ஒரு கூட்டம் வஞ்சிக்கும் என்று அஞ்சினால்கூட, உடன்படிக்கை முடிந்தது என்பதைச் சமநிலையில் அவர்களுக்கு அறிவித்துவிடுமாறு திருமறையின் எட்டாம் அத்தியாயம் பணிக்கிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் 1977-இல் ஜெனீவாவில் உருவான கூடுதல் நெறிமுறையின் 37-ஆம் விதியும் ஏறத்தாழ இதே கோட்டைத்தான் போட்டது. உருமறைப்பு, பொய்த்தோற்றம், திசைதிருப்பல் ஆகியவை ஆகும். சட்டத்தின் பாதுகாப்பை நம்பி வந்தவனை அந்த நம்பிக்கையைக் கொண்டே கொல்வது ஆகாது.

ஆகவே தந்திரம் வேறு, துரோகம் வேறு. தந்திரம் எதிரியின் கண்ணை ஏமாற்றுகிறது. துரோகமோ, நாமே கேட்டு வாங்கிய நம்பிக்கையைச் செலவழிக்கிறது.

இவ்வளவையும் ஆட்டத்துக்குக் கொண்டு வந்து பொருத்துவது சிற்றெறும்பின்மேல் சம்மட்டி போடுவதாகாதா என்று சிலர் நகைக்கலாம். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் அண்மையில் நடந்த ஒன்று அந்த நகைப்பைத் தடுக்கிறது. 'மெட்டா' நிறுவனத்தார் இதே டிப்ளமசியை ஆடுவதற்கென 'சிசரோ' என்ற செயற்கை அறிவு இயந்திரம் ஒன்றை ஆக்கி, 2022-ஆம் ஆண்டு நவம்பரில் அதன் திறனைச் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். இணையத்தில் 40 ஆட்டங்களில் 82 மனிதரோடு அது ஆடிற்று; ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர்களுள் முதல் பத்து விழுக்காட்டினரிடையே இடம் பெற்றது. பெரும்பாலும் உண்மையே பேசுமாறும், வேண்டுமென்றே முதுகில் குத்தாதவாறும் அதனை அமைத்ததாக அவர்கள் கூறினர். 2024-இல் வேறு ஆய்வாளர்கள் அதன் உரையாடல்களைப் புரட்டிப் பார்த்தபோது கண்டது வேறு. பிரான்சாக ஆடிய அவ்வியந்திரம், வடகடலில் நுழைவது பற்றி ஜெர்மனியோடு பேசி முடித்துவிட்டு, அக்கடலில் எவரேனும் புகுந்தால் உனக்குத் துணை நிற்பேன் என்று இங்கிலாந்திடம் உறுதி கூறியிருக்கிறது. ஆட்டத்தில் வெல்லக் கற்றுக் கொடுத்தார்கள். அது கற்றுக் கொண்டது வெல்வதோடு நிற்கவில்லை. இயந்திரத்துக்குக் கல்பு இல்லை. கேள்வி கணக்கும் இல்லை. 13 வயதுச் சிறுவனுக்கும் 19 வயது வாலிபனுக்கும் இரண்டும் உண்டு.

மீண்டும் சஹனருகே வருவோம். மூத்தவன் கருங்கடலுக்குள் நுழைந்ததை நாம் குற்றமென்று சொல்ல மாட்டோம். "துருக்கியே, நாம் கூட்டு, இருவருக்கும் இதில் ஆதாயம்" என்று மட்டும் அவன் சொல்லி, பிறகு மாறியிருந்தால், சிறியவன் ஏமாந்தது ஆதாயக் கணக்கில் செய்த பிழை, அடுத்த முறை கணக்கைச் சரியாகப் போடுவான். அந்தச் சொல்லுக்கு ஆட்டப் பலகையின் விளிம்புவரைதான் ஆட்சி. ஆனால் மூத்தவனுக்கு அது போதவில்லை. சிறியவன் தயங்கியிருக்கிறான். அந்தத் தயக்கத்தைப் போக்க, பெட்டியில் இல்லாத ஒன்றை அவன் வெளியிலிருந்து கொண்டு வந்தான். முதலில் காக்கா என்ற உறவு. அதற்கும் மேலாக ரப்பின் திருப்பெயர். ருஷ்யாவின் சொல்லைச் சிறியவன் நம்பவில்லை. நம்பியது காக்காவின் ஆணையை. விதிநூல் தள்ளுபடி செய்தது ருஷ்யாவின் சொல்லை மட்டுமே. ஆணையைத் தள்ளுபடி செய்ய அதற்கு அதிகாரமில்லை. கடல் கற்பனைக் கடலாக இருக்கலாம். கட்டையை நகர்த்திய கை கற்பனையன்று.

மூத்தவன் படித்தவனாயிற்றே, விடுவானா? "பேச்சு வாக்கில் வாயில வந்துடுச்சு, அதுக்குக் குற்றம் பிடிக்கிறதில்லன்னு ஓதியிருக்கோமே" என்றான். அவன் சொன்னதற்கும் ஆதாரமுண்டு. வீணான ஆணைகளுக்காக அல்லாஹ் பிடிப்பதில்லை என்று ஐந்தாம் அத்தியாயம் கூறுகிறது. பேச்சினிடையே 'இல்லை, வல்லாஹி', 'ஆமாம், வல்லாஹி' என்று நாவில் தற்செயலாய் வருவதே அது என்று அன்னை ஆயிஷா (ரலி) விளக்கியுள்ளார்கள். நம் தாயாருக்கு அரபு இலக்கணம் தெரியாது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வியில் சட்டம் முழுவதும் அடங்கியிருந்தது: "அது உன் வாயிலே வழுக்கி வந்துச்சா, அவனை நம்ப வைக்கிறதுக்காகச் சொன்னியா?"

அவன் தலை குனிந்தான்.

பிறகு நடந்ததில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதே வசனம் பரிகாரத்தையும் கூறுகிறது: பத்து ஏழைகளுக்கு உணவளித்தல், அல்லது ஆடையளித்தல், அல்லது ஓர் அடிமையை விடுவித்தல், இயலாதவர் மூன்று நோன்பு நோற்றல். பெருநாள் காசு கையில் இருந்தபடியால் நோன்புக்குத் தப்பிக்க வழியில்லை. மறுநாள் காலையில் அரிசி வாங்கி, ஆளுக்கு ஒரு முத்துக்குக் குறையாமல் பத்துப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டு சைக்கிளில் புறப்பட்டான். இளையவன் வாசற்படியில் நின்று பார்த்துக் கொண்டிருந்தான்; கூப்பிடாமலேயே பின்னால் ஏறிக் கொண்டான்.

அன்று மாலை மீண்டும் பெட்டி திறக்கப்பட்டது. தொடங்குமுன் பிள்ளைகள் தமக்குள் ஒரு விதி செய்து கொண்டார்கள்: ஆணை இடுவதில்லை, வாப்பா, உம்மா பேரையும் இழுப்பதில்லை. மற்றபடி யார் யாரை வேண்டுமானாலும் ஏமாற்றலாம். சீட்டுப் போடாமலேயே சிறியவன் துருக்கியைக் கேட்டு வாங்கினான். மூத்தவன் மீண்டும் ருஷ்யா. இருவரும் அதே தாழ்வாரத்து மூலைக்குப் போனார்கள். இம்முறை நாம் செவி சாய்த்தோம்.

"காக்கா, நீங்க சொல்றதெல்லாம் எனக்கு வேண்டாம். செவஸ்தபோல்ல இனிமே கப்பல் கட்டாதீங்க, தரைப்படையாவே கட்டுங்க. அதை நானே பார்த்துக்குவேன்."

மூத்தவன் அவனைச் சற்றே உற்றுப் பார்த்தான். "அப்ப நீ அங்காராக் கப்பலை ஈஜியன் பக்கம் அனுப்புவியா?" என்று கேட்டான்.

"முதல்ல நீங்க கட்டுங்க" என்றான் சிறியவன்.